சுவருக்குள் ஒரு கணினி



மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் ஓடியதாகப் பதிவாகியிருக்கும் இடம் அரண்மனையும் அல்ல, அரசாங்க அலுவலகமும் அல்ல. ரவாங்கில் இருந்த ஓர் ஈயச் சுரங்கம். ஆண்டு 1894. மின்னாக்கியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் இருவர்: லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை. பிள்ளையின் பெயரைக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலும் அதே பெயர் இருப்பது பலருக்கு நினைவில் இல்லை. அந்த மின்னாக்கி சுரங்கத்துக்குச் சொந்தம். அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் சுரங்கத்தாரின் கையில் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவிலோ கிள்ளான் தாமான் வீட்டிலோ இன்று சுவரில் மாட்டியிருக்கும் தொடுதிரைச் சுவிட்சைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கைப்பேசிச் செயலியில் கூடத்து விளக்கைத் தொடுகிறார் வீட்டுக்காரர். பல சாதனங்களில் அந்தக் கட்டளை வீட்டைவிட்டு வெளியேறி, வேறொரு நாட்டில் இருக்கும் சர்வரைத் தொட்டுத் திரும்பி வந்து, ஆறடி தள்ளி விளக்கை இயக்கும் ரிலேயைத் தட்டுகிறது. நடுவில் இணையம் அறுந்தால் செயலி கையை விரித்துவிடும். சாதனத்தை விற்ற நிறுவனம் சர்வரை மூடினால் செயலியே பயனற்றுப் போகும். பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டுக்காரர். சுவிட்சுக்குள் ஓடும் நிரலோ இன்னொருவருடையது.

அந்த நிரலைக் கழற்றிவிட்டுத் தாங்களே படிக்கவும் திருத்தவும் முடிந்த திறமூல ஃபர்ம்வேரைப் போடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன, அதில் நம் ஊருக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது, தமிழருக்கு அதில் என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்போம். ஷென்ஜென் நகரின் ஐடெட் நிறுவனம் தன் சோனாஃப் வரிசையில் என்எஸ்பேனல் என்ற சுவர் சுவிட்சை 2021 இறுதியில் கிக்ஸ்டார்ட்டர் வழியே வெளியிட்டது. மூன்றரை அங்குலத் திரை, அதன் கீழே இரண்டு நிஜப் பொத்தான்கள், உள்ளே இரண்டு ரிலே, வெப்பநிலையை அளக்க ஒரு சென்சார், பீப் ஒலி எழுப்ப ஒரு பஸ்ஸர். இவை எல்லாவற்றையும் ஆள்வது இஎஸ்பி32 என்ற சில்லு: 240 மெகாஹெர்ட்ஸ் வேகம், வைஃபை, புளூடூத், நிரலைச் சேமிக்க 4 மெகாபைட். ஒரு காலத்தில் அலுவலகக் கணினிக்கே இந்த வேகம் கிடையாது. இப்போது விளக்கைப் போட அது தேவைப்படுகிறது!

இந்தச் சில்லைச் செய்யும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தை 2008இல் ஷாங்காயில் தொடங்கியவர் நமக்கு அண்டை ஊர்க்காரர், சிங்கப்பூரின் தியோ ஸ்வீ ஆன். 2014இல் அந்நிறுவனத்தின் இஎஸ்பி8266 சந்தைக்கு வந்தபோது வைஃபை சில்லின் விலை சில ரிங்கிட்டுக்கு இறங்கியது. மலிவான ஸ்மார்ட் பிளக்குகளும் சுவிட்சுகளும் குவிந்ததற்குக் காரணம் இதுதான். மலிவோடு இன்னொன்றும் நடந்தது. அந்தச் சில்லுக்கு நிரல் எழுதும் கருவிகள் வெளிப்படையாகக் கிடைத்ததால் ஆர்வலர்கள் உள்ளே இறங்கிவிட்டார்கள். நெதர்லாந்தின் தியோ ஆரெண்ட்ஸ் 2016இல் சோனாஃப் சுவிட்சுகளுக்காக எழுதத் தொடங்கிய மாற்று நிரல்தான் இன்றைய டாஸ்மோட்டா. 2018இல் ஓட்டோ வின்டர் தொடங்கிய இஎஸ்பிஹோம் மற்றொன்று. சுவிட்ச் என்ன செய்ய வேண்டும் என்று சில வரிகளில் எழுதிக் கொடுத்தால், அதற்கான ஃபர்ம்வேரை அது கட்டித் தந்துவிடும்.

இவை வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கின்றன. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடும். பாலஸ் ஸ்கௌட்சன் 2013இல் தொடங்கிய அது, 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. டாஸ்மோட்டா சுவிட்சுக்கும் அதற்கும் இடையே செய்தி கொண்டுபோகும் எம்க்யூடிடி என்ற நெறிமுறை பிறந்த கதை சுவையானது. 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கப்பட்டது அது. பாலைவனத்து வால்வுகளுக்காகப் பிறந்தது இப்போது பூஜை அறை விளக்குக்குச் சேதி சொல்கிறது.

விற்ற நிறுவனத்தின் நிரலை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது திருட்டு வேலை இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. இதற்கு முன்னோடி வைஃபை ரூட்டர். 2002 இறுதியில் லிங்க்சிஸ் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம் மூலநிரலை வெளியிடச் சொல்கிறது. நிறுவனம் முதலில் அதைச் செய்யவில்லை. கேட்ட பிறகு வெளியிட்டது. அந்த நிரலிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. ரூட்டரும் பல ஆண்டுகள் நன்றாக விற்றது. என்எஸ்பேனல் கதையும் ஏறக்குறைய அதுவே. அதன் மின்சுற்றுப் பலகையில் நிரல் ஏற்றுவதற்கான துளைகள் பெயர் எழுதி விடப்பட்டிருக்கின்றன. வாங்குகிறவர்களில் கணிசமானவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியாததல்ல.

ஏன் இவ்வளவு சிரமம்? சர்வர்கள் சாவதால்தான். நெஸ்ட் நிறுவனம் விலைக்கு வாங்கிய ரிவால்வ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி 300 டாலருக்கு விற்றது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டதும் பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. பயனர்களில் சிலர் சேர்ந்து அதை வாங்கிய பிறகே அவை மீண்டன. பெல்கின் தன் வீமோ சாதனங்கள் பெரும்பாலானவற்றின் சேவை 2026 ஜனவரி 31 உடன் முடிவதாக அறிவித்தது. இவை எல்லாம் பெயர் தெரியாத கடைச்சரக்கு அல்ல. நல்ல விலைக்கு விற்ற பெயருள்ள பொருள்கள். சுவரில் பதித்த சுவிட்ச் இருபது முப்பது ஆண்டு இருக்க வேண்டியது. ஒரு செயலியின் ஆயுள் அதில் கால்வாசி இருந்தால் அதிகம். இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டிப்போட்டதுதான் தவறு என்பது இந்தப் பேச்சின் கட்சி.

சரி, எப்படி மாற்றுகிறார்கள்? புடுவில் ஜாலான் பாசார் என்றால் எலெக்ட்ரானிக் உதிரிப் பாகங்கள். ரெசிஸ்டர் ஒன்று வேண்டுமென்றாலும் கோலாலம்பூர்க்காரர் போகும் தெரு அது. புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவில் முழுக் கணினி கிடைக்கும். உதிரிக்கு ஜாலான் பாசார். அங்கே கிடைக்கும் சிறிய யுஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்றும் நான்கைந்து கம்பிகளும் போதும். சுவிட்சைச் சுவரிலிருந்து முழுவதும் கழற்றி, மின் இணைப்பு எதுவும் இல்லாமல் மேசைமேல் வைத்து, 3.3 வோல்ட், தரை, அனுப்பும் கம்பி, வாங்கும் கம்பி என இணைத்து, ஜிபிஐஓ 0 என்ற முனையைத் தரையோடு சேர்த்தபடி உயிர்கொடுத்தால் சில்லு புது நிரலுக்காகக் காத்திருக்கும். பழைய நிரலை முதலில் ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வது விவரமறிந்தவர் பழக்கம். அதன்பின் டாஸ்மோட்டாவையோ இஎஸ்பிஹோமையோ ஏற்றலாம். அடுத்த முறையிலிருந்து கம்பி வேண்டாம். வைஃபை வழியே புதுப்பித்துக்கொள்ளலாம்.

அடாப்டரில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என இரண்டு நிலை இருக்கும். தவறான நிலையில் வைத்தால் சில்லு போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சுவரில் மின்சாரத்தோடு இருக்கும் சுவிட்சில் கணினியின் கம்பியைச் செருகுவது. இப்படிப்பட்ட சாதனங்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் தரைக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே தடுப்பு இருக்காது. 230 வோல்ட் நேராகக் கணினிக்குள் போகும், அதைத் தொட்டிருக்கும் கைக்கும் போகும். இதில் விளையாட்டு வேண்டாம்.

எல்லாச் சுவிட்சும் இப்படி வழிவிடுவதில்லை. துயா என்ற சீன நிறுவனத்தின் தளத்தில் ஓடும் சாதனங்கள் நூற்றுக்கணக்கான பெயர்களில் நம் இணையச் சந்தைகளில் விற்கின்றன. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் மாநாட்டில், இவற்றைத் திறக்காமலேயே நிரலை மாற்றும் வழி காட்டப்பட்டது. நிறுவனம் ஓட்டையை அடைத்தது. பிறகு பல சாதனங்களில் சில்லே மாறியது; இஎஸ்பி போய் பெக்கன் நிறுவனத்தின் பிகே7231 வந்தது. அட்டைப்பெட்டியிலும் மாடல் எண்ணிலும் மாற்றமில்லை, உள்ளே மட்டும் வேறு மூளை. அதற்கும் ஓப்பன்பெக்கன் என்ற மாற்று நிரல் வந்துவிட்டது. ஆனாலும் கடையில் நிற்கும் மனிதருக்கு வெளியிலிருந்து பார்த்து எது எதுவென்று தெரியாது. இந்தப் பூனை எலி ஆட்டத்தில் சேர விருப்பமில்லாதவர்கள், டாஸ்மோட்டாவையோ இஎஸ்பிஹோமையோ ஏற்றியே விற்கும் ஆதம் போன்ற நிறுவனங்களிடம் வாங்கிவிடலாம். வீட்டுக்குள்ளிருந்தே கட்டளை ஏற்கும் வசதியை வெளிப்படையாகத் தரும் பல்கேரியாவின் ஷெல்லி சுவிட்சுகளும் உண்டு. எல்லாரும் பற்றாசுக்கோல் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

இனி நம் ஊர்ச் சுவருக்கு வருவோம். இணையத்தில் வழிகாட்டி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்கள். நம் ஊருக்கென்று பார்க்க வேண்டிய சிக்கல்கள் சில உண்டு.

முதல் சிக்கல் நியூட்ரல். மலேசியாவின் வீட்டு மின்கம்பி அமைப்பு பிரிட்டிஷ் வழியில் வந்தது. பழைய வீடுகளில் நியூட்ரல் கம்பி கூரையிலுள்ள விளக்கோடு நின்றுவிடும். சுவிட்ச் பெட்டிக்குள் இறங்குவது உள்ளே வரும் லைவ் ஒன்று, விளக்குக்குப் போகும் லைவ் ஒன்று, அவ்வளவுதான். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். தொடுதிரைச் சுவிட்சுக்கோ விளக்கு அணைந்திருக்கும்போதும் தான் உயிரோடு இருக்க நியூட்ரல் வேண்டும். கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் எழுபது எண்பதுகளில் கட்டிய வரிசை வீட்டுக்காரர் ஆசையாய் வாங்கிய பேனலைப் பிரித்து, பழைய சுவிட்சைக் கழற்றிப் பார்க்கும்போதுதான் இது தெரியவரும். வாங்குவதற்கு முன் வயர்மேனைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. நியூட்ரல் இழுக்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டியும் வரலாம். பெட்டியின் ஆழமும் பார்க்க வேண்டியதே. பழைய ஆழமில்லாப் பெட்டிக்குள் ரிலேயும் கம்பியும் சேர்ந்து உட்காரா.

வயர்மேன் என்று சொல்வது பேச்சுக்காக அல்ல. 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகளின்படி வீட்டு மின்கம்பி வேலை தகுதிச் சான்று பெற்றவர் செய்ய வேண்டியது. சான்று தருவது எரிசக்தி ஆணையம். சுவிட்சும் அந்த ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படும் பொருள்களில் ஒன்று. வைஃபை இருப்பதால் தகவல் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒப்புதலுக்கான சோதனை நடப்பது கடையில் விற்கிற நிலையில் உள்ள சாதனத்துக்கு. நிரலை மாற்றியவுடன் உத்தரவாதம் போகும். பிறகு எது நடந்தாலும் பொறுப்பு மாற்றியவருடையது. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்வதே அறிவு: மேசைமேல் இருக்கும் நிரல் வீட்டுக்காரருக்கு, சுவருக்குள் இருக்கும் செம்பு வயர்மேனுக்கு. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு மின்கம்பியும் தெரியும் என்று நினைப்பது நம் பொறியாளர் பிள்ளைகளிடம் உள்ள ஒரு நோய்.

இரண்டாவது சிக்கல் சுமை. என்எஸ்பேனலின் ஐரோப்பிய வடிவில் ஒரு ரிலே தாங்குவது 2 ஆம்பியர். எல்இடி விளக்குக்கும் மின்விசிறிக்கும் தாராளம். குளியலறை வாட்டர் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால் இழுப்பது பதினைந்து ஆம்பியருக்கு மேல். ஏர்கானும் அந்த ரிலேக்கு ஆகாது. ஏர்கானுக்கு வேறு வழி இருக்கிறது: ரிமோட்டின் அகச்சிவப்புக் குறியீட்டை அனுப்பும் சிறு கருவி ஒன்றைக் கூடத்தில் வைத்து, சுவர்த் திரையிலிருந்து அதற்குச் சொல்வது. சுங்கை பூலோவில் டைகினும் ஷா ஆலாமில் பானசோனிக்கும் ஏர்கான் செய்கிற வட்டாரம் இது. இந்த இரண்டு நிறுவனங்களின் குறியீடுகளும் திறமூல நிரல்களில் ஏற்கெனவே இருக்கின்றன. 2025 ஜூலையில் வந்த புதிய மின்கட்டண முறையில் வேலை நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்சநேரம். நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்த வீட்டில், உச்சநேரத்தில் திரையின் நிறத்தை மாற்றிக் காட்டும்படி சில வரிகளில் எழுதிவிடலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நிரலில் மின்சார நிறுவனமான தெனாகாவின் உச்சநேரத்தை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

மூன்றாவது சிக்கல் இடி. உலகில் இடி அதிகம் முழங்கும் வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மாலை மழையில் மின்சாரம் விட்டுவிட்டு வருவது நமக்குப் புதிதல்ல. இங்கேதான் டாஸ்மோட்டாவின் ஒரு குணம் தெரிந்திருக்க வேண்டும். நிரல் குழம்பிப்போனால் மீட்பதற்காக அதில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பத்து வினாடிக்குக் குறைந்த இடைவெளியில் ஆறு முறை மின்சாரம் துண்டித்து, ஏழாவது முறை விட்டுவைத்தால் எல்லா அமைப்பும் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். ஐரோப்பாவில் இது நல்ல யோசனை. பூச்சோங்கில் ஒரு மழைநாள் மாலையில் மின்சாரம் கண் சிமிட்டினால் பேனல் தன் பெயரையே மறந்துவிடக்கூடும். செட்ஆப்ஷன் 65 என்ற கட்டளையால் இதை நிறுத்தி வைக்கலாம். மின்சாரம் திரும்பி வரும்போது விளக்கு எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா என்பதையும் சொல்லி வைக்கலாம். நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் வீடு முழுக்க விளக்கெரிந்து எல்லாரும் விழித்துக்கொள்வது தவிரும். இடியின் அதிர்ச்சியிலிருந்து சில்லைக் காப்பது எந்த நிரலாலும் ஆகாது. டிபி என்ற மின்பகிர்வுப் பெட்டியில் சர்ஜ் தடுப்பான் வேண்டும். அதுவும் வயர்மேன் வேலை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். திறமூலம் என்றால் தானாகவே பத்திரம் என்று பொருளில்லை. டாஸ்மோட்டாவைப் புதிதாக ஏற்றியதும் அதன் அமைப்புப் பக்கத்துக்குக் கடவுச்சொல் கிடையாது. வீட்டு வைஃபைக்குள் வந்த விருந்தாளி எவரும் விளக்கை அணைக்கலாம், அதற்கு மேலும் செய்யலாம். கடவுச்சொல் வைக்க வேண்டியது வீட்டுக்காரர் கடமை.

இப்போது பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். இந்த வட்டாரம் இந்தியர் கடைகளுக்கும் கோயில்களுக்கும் எவ்வளவு பெயர்பெற்றதோ, பார்வையற்றோர் புழங்கும் இடமாகவும் அவ்வளவு பெயர்பெற்றது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான். ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதையில் வெள்ளைக் கைத்தடியோடு நடப்பவர்களும், அவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் இந்த ஊரின் அன்றாடம். கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்கும் தொடுதிரைச் சுவிட்ச் இவர்களுக்கு எப்படிப்பட்டது? பழைய சுவிட்சைத் தடவினால் விளக்கு எரிகிறதா என்று தெரியும்; மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை விரல் சொல்லிவிடும். தொடுதிரை ஒன்றும் சொல்லாது. வெறும் மேற்பரப்பு. நவீனம் என்ற பெயரில் கண்ணில்லாதவரிடமிருந்து ஒரு சுவிட்சைப் பிடுங்கிக்கொண்டது இது.

நிரல் நம் கையில் இருந்தால் பிடுங்கியதைத் திருப்பித் தரலாம். என்எஸ்பேனலில் திரைக்குக் கீழே இருக்கும் இரண்டு நிஜப் பொத்தான்களை ரிலேயிலிருந்து பிரித்து, ஒரு அழுத்தம், இரண்டு அழுத்தம், நீண்ட அழுத்தம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை கொடுக்கலாம். இரண்டே பொத்தானில் ஆறு கட்டளை. உள்ளே இருக்கும் பஸ்ஸரை, விளக்கு எரிந்தால் ஏறும் ஒலி, அணைந்தால் இறங்கும் ஒலி என்று பேச வைக்கலாம். இஎஸ்பிஹோமில் அந்த ஒலியை எழுதும் முறை பழைய நோக்கியா கைப்பேசிகளில் அழைப்பொலி எழுதிய அதே ஆர்டிடிடிஎல் முறை. இருபது ஆண்டுக்கு முன் பாட்டுப் போட்டு விளையாடியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். இந்த வசதி கண்ணில்லாதவருக்கு மட்டும் அல்ல. கண்ணாடி தேடும் தாத்தாவுக்கும், ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வரும் அம்மாவுக்கும் திரையைவிடப் பொத்தான் மேல்.

நிறுவனம் இதைச் செய்து தரும் என்று காத்திருக்கலாம். உலகம் முழுக்க விற்கும் ஒரு பொருளில் பிரிக்பீல்ட்ஸின் ஒரு வீட்டுக்காகத் திருத்தம் வராது. மாற்று ஃபர்ம்வேரின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. செயலியைவிட வேகம், இணையமில்லாமல் ஓடும் என்பதெல்லாம் நல்லதுதான். ஒரு வீட்டில் இருக்கும் குறிப்பிட்ட மனிதருக்கு ஏற்றபடி சுவிட்சை வளைக்க முடிவது அதைவிடப் பெரியது.

அடுத்தது மொழி. சமையலறை, பூஜை அறை, வெளி விளக்கு என்று திரையில் தமிழில் எழுத வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. எழுதிப் பார்த்தவர்களுக்குக் கிடைப்பது ஏமாற்றம். ‘சமையலறை’யில் இரண்டு ஐகாரம் இருக்கிறது. யூனிகோடில் ‘மை’ என்பது முதலில் மகரம், பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது குறி முன்னால் வர வேண்டும். கைப்பேசியிலும் கணினியிலும் இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு வடிவமைப்பு நிரல் உண்டு. சுவர்ச் சுவிட்சில் இல்லை. அதனால் குறிகள் எழுத்துக்குப் பின்னால் தனியே தொங்கும். ‘கூடம்’ என்பதில் ககரமும் ஊகாரமும் ஒட்டாமல் நிற்கும்.

என்எஸ்பேனலில் இதைச் சரிசெய்வது கடினம். அதன் திரை நெக்ஸ்டியான் என்ற தனி அமைப்பு; அதற்குப் பக்கம் வடிவமைக்கும் கருவி மூடிய நிரல், விண்டோஸில் மட்டும் ஓடுவது. இஎஸ்பி32இல் திறமூல நிரல் ஏறினாலும் திரை பாதி பூட்டியே இருக்கிறது. இதைத் ‘திறமூலச் சுவிட்ச்’ என்று முழுவாயால் சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லையும் படமாகச் செய்து ஒட்டலாம், அது ஒட்டு வேலை.

முழுவதும் திறந்த வழி இன்னொன்று: லான்பன் எல்8 போன்ற சுவர்ச் சுவிட்சில் ஓப்பன்ஹாஸ்ப் என்ற ஃபர்ம்வேரை ஏற்றுவது. 240க்கு 320 புள்ளிகள் கொண்ட சிறு திரை; அதில் ஒவ்வொரு பொத்தானையும் வரைவது எல்விஜிஎல் என்ற திறமூல வரைகலை நூலகம். ஹங்கேரியின் காபோர் கிஷ்-வாமோஷி தொடங்கியது. ஓப்பன்ஹாஸ்ப் பயன்படுத்தும் எல்விஜிஎல் 7இல் வலமிருந்து இடமாக எழுதும் வசதியும் அரபு, பாரசீக எழுத்துகளைச் சேர்த்து எழுதும் வசதியும் உண்டு. தமிழுக்கு இல்லை. யாரோ ஒருவர் தன் மொழிக்காக உட்கார்ந்து எழுதியதால் அவை இருக்கின்றன. நம்மவர் யாரும் எழுதாததால் இது இல்லை.

தமிழுக்கு ஒரு குறுக்குவழி கையில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாட்டு அரசு யூனிகோடோடு சேர்த்துத் தர நிர்ணயமாக அறிவித்தது டேஸ்16 என்ற குறியீட்டை. அதில் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண். கூட்டவும் வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். கணினியில் யூனிகோடு வென்றுவிட்டதால் அதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். வடிவமைப்பு நிரலே இல்லாத இந்தச் சின்னத் திரைக்கோ அது அச்சாகப் பொருந்துகிறது. வீட்டுக் கணினி யூனிகோடை டேஸாக மாற்றி அனுப்பினால் போதும், சுவிட்ச் எதையும் யோசிக்காமல் வரைந்துவிடும். முட்டுவது ஓரிடத்தில்: டேஸ் எழுத்துகள் இருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதி. ஓப்பன்ஹாஸ்ப் தன் படச்சின்னங்களை வைத்திருப்பதும் அதே பகுதி. விளக்குச் சின்னத்தின் எண் டேஸ் எல்லைக்குள்ளேயே விழுகிறது. எழுத்துரு தயாரிக்கும்போது ஒன்றை இடம்பெயர்த்து வைத்தால் தீரும் சிக்கல் அது.

இப்படிப்பட்ட வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கிள்ளானுக்குத் தெற்கே இருக்கும் கேரித் தீவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியபோது, கணினி செய்தவர்கள் யாரும் தமிழை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் வந்தது 2005இல். அந்தக் கருவிகள் எதையும் அவர் உற்பத்தி செய்யவில்லை. இன்னொருவர் செய்த கருவிக்குள் இறங்கித் தமிழுக்கு இடம் பிடித்தார். அப்போது உள்ளே பார்க்கவே வழியில்லாத மூடிய கருவிகள் பல. இப்போதைய சுவர்ச் சுவிட்சின் நிலை அப்படியல்ல. எல்விஜிஎல், ஓப்பன்ஹாஸ்ப் இரண்டின் மூலநிரலும் எவரும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம், உரிமம் அனுமதிக்கிறது.

நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றே. கல்லூரி இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்விஜிஎல்லுக்கு ஒரு தமிழ் வடிவமைப்பு, ஓப்பன்ஹாஸ்புக்கு ஒரு தமிழ் எழுத்துரு, அதோடு இரண்டு பொத்தானில் ஒலியோடு இயங்கும் ஒரு அமைப்புக் கோப்பு. செய்து முடித்ததும் பிரிக்பீல்ட்ஸின் பார்வையற்ற நண்பர் ஒருவர் கையில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும்போது மட்டும் வயர்மேனைக் கூப்பிட மறக்காதீர்கள்.